முப்பதாயிரத்து முப்பத்தொன்றும் விழுப்புரத்து மாப்பிள்ளையும்

ஓர் எண்ணைப் பகா எண் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையிடம், அது பகா எண் இல்லை என்று எந்த வயதில் சொல்ல வேண்டும்?

இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைக் கத்தரித்து ஒரு ஃபைல் முழுக்க வைத்திருக்கிறேன். பால்பல் ஆடினால் என்ன செய்வது, பரீட்சை பயத்துக்கு என்ன செய்வது, எல்லாம் இருக்கிறது. இதற்கு மட்டும் யாரும் பதில் எழுதவில்லை.

பள்ளிப் படிப்பை மறந்தவர்களுக்காக ஒரு வரி. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்தான் பகா எண். 7, 13, 31 மாதிரி. எத்தனை பேர் வந்து கேட்டாலும் சரிசமமாகப் பிரிந்து கொடுக்காத எண்.

இந்தக் கட்டுரையில் எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் கணக்கு வராது.

மூடிய கை

திண்டிவனத்தில் என் மகள் செலின் படிக்கும் பள்ளியில் கணக்குக் கண்காட்சி. அப்போது அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. கூடம் முழுக்க மைதா பசை வாசனையும் மார்க்கர் பேனா வாசனையும். அவள் மேசைக்குப் பின்னால் நீல நிற சார்ட் தொங்கியது.

"என் எண் 30031. இதை யாராலும் பங்கு போட முடியாது."

மேசைமேல் ஒரு சின்னக் கரும்பலகை. பார்க்க வருகிறவர்கள் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்றையும் 30031-ஐயும் தவிர எதுவும் சொல்லலாம். அந்த எண்ணால் 30031-ஐ வகுத்து மீதி வருகிறதென்று செலின் காட்டுவாள்.

நான் அவள் முதுகுக்குப் பின்னால் வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தேன். அந்த உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது இது: 59 × 509 = 30031.

அரை மணி நேரத்துக்கு முன்னால், ஆட்டோவில் வரும்போது நானே போட்ட கணக்கு. ஐம்பத்தொன்பது பேர் வந்தால் ஆளுக்கு 509 கொடுத்துவிடலாம். மீதி பூஜ்யம். சார்ட்டில் இருப்பது பொய்.

இந்தப் பொய் வெளியே வர, வருகிற யாராவது ஒருவர் "ஐம்பத்தொன்பது" என்று சொன்னால் போதும். கூட்டத்தில் ஒவ்வொருவராக வாய் திறக்கும்போதும் எனக்குக் காது அடைத்தது.

ஒரு அம்மா "ஏழு" என்றார். மீதி ஒன்று. எங்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வாசலில் எட்டிப் பார்த்து "நூத்தியெட்டு போடு பாப்பா, சாமி நம்பரு" என்றார். மீதி ஏழு. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "நூத்தி நாப்பத்தி மூணு" என்றாள். பக்கத்தில் நின்ற சிஸ்டருக்கு அந்த எண்ணின் காதல் அர்த்தம் தெரிந்திருந்தது என்பது அவர் முறைத்த முறையில் தெரிந்தது. செலின் நாக்கைக் கடித்துக்கொண்டு வகுத்தாள். மீதி ஒன்று. "எல்லாருக்கும் குடுத்தாலும் ஒண்ணு மீதி இருக்கும்" என்று அவள் விளக்கினாள். சிஸ்டர் "போதும், அடுத்தவங்க" என்றார்.

அடுத்து வயதான ஒருவர் வந்தார். "என் வயச போடும்மா" என்றார். அவர் நரைத்த தலையையும் கைத்தடியையும் பார்த்து நான் கணக்குப் போடுவதற்குள் "எழுவத்தி ரெண்டு" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

அப்போதுதான் வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"தள்ளுங்க, தள்ளுங்க. இன்னா கூட்டம். பாப்பா, நம்ம நம்பர போடு."

விழுப்புரத்து மாப்பிள்ளை வந்துவிட்டார்.

இருபத்து நான்கு நல்ல எண்

அவர் யாரென்று சொல்வதற்கு முன்னால் இந்த எண் எதற்காக வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு ஒரே தங்கை. விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மாதம் ஒரு ஞாயிறு எல்லாருமாக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்ததும் என் மாமியார் சொல்லும் முதல் வார்த்தை "பங்கு போட்டுக்கோங்க" என்பதுதான்.

செலினுடைய பிறந்த நாளுக்கு இருபத்து நான்கு கலர் பென்சில் வாங்கினோம். நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஆறு. பச்சையும் நீலமும் விழுப்புரம் போய்விட்டன. அந்த வருடம் முழுக்க செலின் வரைந்த மரங்கள் பழுப்பாகவே இருந்தன.

அடுத்த பிறந்த நாளுக்கு அவள் என்னைக் கடைக்குள் இழுத்துப் போய்க் காதில் சொன்னாள். "அம்மா, ஏழு வாங்கு. ஏழுன்னா பங்கு போட வராது."

வாங்கினேன். தவறு. மாமியார் ஒரு நொடி யோசித்தார். விருந்தாளிப் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு, வீட்டுப் பிள்ளைக்கு மீதி ஒன்று. "நம்ம வூட்டு புள்ளதானே, அது விட்டுக் குடுக்கும்" என்றார்.

விட்டுக் கொடுக்கத்தான் செய்தாள். ஆனால் அன்று சாயங்காலம் அந்த ஒற்றைப் பென்சிலை முனை முறியும்வரை அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள். தடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. பகிர்ந்து கொள்ளத் தெரியாத பிள்ளையாக வளர்க்கிறேனோ என்று ஒரு பயம். எதையும் தன்னுடையது என்று சொல்லத் தெரியாத பிள்ளையாக வளர்க்கிறேனோ என்று இன்னொரு பயம். இரண்டு பயமும் ஒரே நேரத்தில் வரும்.

கேட் மூடியிருந்தது

எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட். ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது மூடிவிட்டார்கள். கூட்ஸ் வண்டி. பின்னால் டீசல் வாசனையோடு டவுன் பஸ், முன்னால் வேகவைத்த மல்லாட்டையை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) கூம்புப் பொட்டலத்தில் விற்கும் பெண்.

செலின் கேட்டாள். "யாராலயும் பங்கு போட முடியாத நம்பர் இருக்குதாம்மா? பெருசா?"

நான் முகையூர் பக்கத்துக்காரி. எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. கணிதம் படித்த முதல் பெண். படித்ததற்கு இன்றுவரை வீட்டில் கிடைத்த ஒரே உபயோகம், காஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்று சொல்வதுதான். யாரோ முதல்முறையாக என்னைக் கணக்கு கேட்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது.

"இருக்கு" என்றேன். "ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு. இது எல்லாத்தயும் பெருக்கு."

கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. மல்லாட்டைப் பொட்டலத்தின் மேல் பெருக்கினோம். 30030.

"இத அந்த ஆறு பேரும் பங்கு போடலாம். இப்போ இதுகூட ஒண்ணு சேத்துக்கோ."

"முப்பதாயிரத்து முப்பத்தி ஒண்ணு."

"இப்போ ரெண்டு பேரு வந்து கேட்டா?"

அவள் யோசித்தாள். "ஒண்ணு மீதி."

"மூணு பேரு?"

"ஒண்ணு மீதி. பதிமூணு பேரு வந்தாலும் ஒண்ணு மீதி." முகம் மலர்ந்துவிட்டது. "அந்த ஒண்ணு எனக்கு."

"உனக்குத்தான்."

"அப்போ இத யாராலயும் பங்கு போட முடியாதா?"

"முடியாது" என்றேன்.

கேட் திறந்தது. ஸ்கூட்டரை எடுத்து நூறடி போவதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கல்லூரியில் பேராசிரியர் இதே மாதிரிதான் பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினார். அப்புறம் என்ன சொன்னார்? "இது ஒரு புதிய பகா எண்" என்றார். அதற்குப் பிறகு ஏதோ சொன்னார். "அல்லது" என்று ஆரம்பித்த மாதிரி ஞாபகம். அன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முகையூர் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். "அல்லது" என்ற வார்த்தைக்குப் பிறகு எழுந்து போகாதீர்கள்.

நாற்பது எண்கள்

"என் எண்" என்று அவள் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டாள். இனி பின்வாங்க முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். 30031-க்கு 173 வரை பார்த்தால் போதும். இரண்டு எண்களைப் பெருக்கி 30031 வரவேண்டுமென்றால் அதில் ஒன்றாவது 173-ஐத் தாண்டாது. 173 வரை பகா எண்கள் சரியாக நாற்பது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நாட்கள் மாதிரி.

முதல் ஆறுக்கு மீதி ஒன்று என்று தெரியும். பாக்கி முப்பத்து நான்கு. நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஆரம்பித்தேன். 17, மீதி 9. 19, மீதி 11. ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட்டேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் ரகம் நான்.

ஞாயிறன்று விழுப்புரத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். மாமியார் உள்ளே மல்லாட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பெரிய எண்களாக ஆறு கொடுத்திருந்தேன். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இன்னாது அது, குடும்பமே கணக்கு போட்டுக்கினு இருக்கீங்க?"

சொன்னேன்.

"எனக்கு இல்லியா?"

மாமியார் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு இல்லை என்ற சொல் எங்கள் வீட்டில் எந்தப் பொருளைப் பற்றியும் வரக்கூடாது. "குடும்மா, மாப்ளைக்கு நல்லதா பாத்துக் குடு" என்றார். பலகாரத் தட்டைச் சொல்கிற மாதிரி.

நல்லதாகப் பார்த்து நான்கு கொடுத்தேன். 59, 61, 67, 71.

மாப்பிள்ளை மனை அளக்கிற சர்வேயர். டேப்பைப் பிடிக்க ஆள் வைத்திருக்கிறார், கணக்கை வாயாலேயே போடுவார். பேப்பரைத் தொடாமல் கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. மல்லாட்டை உரித்துக்கொண்டே நான்கையும் சொல்லிவிட்டார். "அம்பத்தொம்போதுக்கு மீதி பத்து. அறுவத்தி ஒண்ணுக்குப் பத்தொம்போது. எழுதிக்க."

"இதுக்குத்தான் மாப்ள வேணுங்கறது" என்றார் மாமியார், மகனைப் பார்த்து. என் கணவர் இன்னும் மூன்றாவது எண்ணில்தான் இருந்தார்.

செலின் சார்ட்டின் அடியில் ஒரு பட்டியல் போட்டாள். எந்த எண்ணை யார் வகுத்தார்களோ அவர்கள் கையெழுத்து. 59-க்கு நேராக மாப்பிள்ளை நீல மையில் பெரிதாகப் போட்டார், மனைப் பத்திரத்தில் போடுவது போல.

ஒரு நல்லி எலும்பின் கதை

அவர்கள் போனதும் அந்த நான்கையும் ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னா பண்ற ரீட்டா?"

"அண்ணன் போட்டத ஒரு தடவ பாத்துடலாம்னு அத்தை."

"மாப்ள போட்டத நீ சரி பாக்கறியா?"

"எல்லாத்தயும்தான் பாக்கறேன். அவங்க போட்டதக்கூட பாத்தேன்."

"அவன் புள்ள. இவரு மாப்ள." நாள்காட்டித் தாளை என் கையிலிருந்து வாங்கி, மல்லாட்டைத் தோலை அதில் கட்டி எறிந்தார். "செலின் வாயி சும்மா இருக்குமா? மாமா, அம்மா உங்க கணக்க பாத்தாங்கன்னு அங்க போய் சொல்லும். அப்புறம் யாரு பேஜாரு படறது?"

சிரிக்காதீர்கள். இதற்கு முன்கதை உண்டு. செலின் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் மாப்பிள்ளை இலைக்கு நல்லி எலும்பு போகவில்லை. பந்தியில் பரிமாறிய அவசரத்தில் அது யாருடைய இலைக்கோ போய்விட்டது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவினார், பஸ் ஏறினார். எட்டு மாதம் வரவில்லை, மனைவியையும் அனுப்பவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட இல்லை. அந்த எட்டு மாதமும் என் மாமியார் மாதம் ஒருமுறை தூக்குவாளியில் குழம்பை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். காய்கறி வாங்குவதாகச் சொல்லிவிட்டு மகள் அங்கே வருவாள். சிமெண்டு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இருவரும் பிரிந்து போவார்கள்.

ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். அந்த பெஞ்சைப் பார்த்தவளுக்கு மாப்பிள்ளை கணக்கைத் திருத்த மனம் வராது. இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

கண்காட்சி அன்று காலை ஆட்டோவில் கை அவிழ்ந்துவிட்டது. மாமியார் உடன் வரவில்லை. செலின் முன்னால் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டு வந்தாள். பையில் பேனா இருந்தது, தாள் இல்லை. உள்ளங்கையில் போட்டேன். 71, மீதி 69, அண்ணன் சொன்னது சரி. 67, சரி. 61, சரி. சே, நல்ல மனுஷரை சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே 59-ஐயும் போட்டேன்.

மீதி வரவில்லை.

ஆட்டோ குலுக்கலில் தப்பாகியிருக்கும் என்று மறுபடியும் போட்டேன். மறுபடியும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, மீதியில்லாமல் வகுபட்டதற்காக எனக்கு அழுகை வந்தது. "அல்லது" என்று பேராசிரியர் ஆரம்பித்தது இப்போது முழுதாக ஞாபகம் வந்தது. அல்லது, நாம் பெருக்காத வேறொரு பகா எண்ணால் அது வகுபடும்.

ஐநூற்று முப்பத்தொன்று

மீண்டும் கூடத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் இனிப்புப் பெட்டியோடு, மூன்று பிள்ளைகள் பின்தொடர மேசை முன்னால் வந்து நின்றார்.

"அம்பத்தொம்போது போடு பாப்பா. நான் போட்ட நம்பரு" என்று கூட்டத்துக்கும் சொன்னார். நடுவராக வந்திருந்த கல்லூரி ஆசிரியை, இரண்டு மேசை தள்ளி நின்றவர், திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளையை நிறுத்த எங்கள் குடும்பத்தில் ஒரே ஆயுதம்தான் உண்டு. உபசாரம்.

"அண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல ஜூஸ் சாப்புடுங்க. அங்க குடுக்கறாங்க."

"இருக்கட்டும்மா."

"உக்காருங்கண்ணே. நாற்காலி கொண்டாரட்டா?"

"இன்னாத்துக்கும்மா, சைட்ல நாள் பூரா நின்னுக்கினுதானே இருக்கேன்."

அதற்குள் செலின் ஆரம்பித்துவிட்டாள். முந்நூறில் ஐம்பத்தொன்பது ஐந்து தடவை. மீதி ஐந்து. மூன்றை இறக்கினாள், ஐம்பத்து மூன்று, போகாது, பூஜ்யம். ஒன்றை இறக்கினாள். ஐநூற்று முப்பத்தொன்று.

நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். எதற்காக என்று குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. கணக்கை மாற்றச் சொல்லி எந்த மாதாவிடம் கேட்பது.

சாக்பீஸ் தயங்கியது. மாப்பிள்ளை குனிந்து, கணீரென்று சொன்னார். "ஒம்போது தடவ. ஐநூத்தி இருவத்தி ஒண்ணு. மீதி பத்து. அவ்ளோதான்."

மாமா சொன்னால் செலினுக்கு மறுபேச்சு கிடையாது. 521 என்று எழுதினாள். கழித்தாள். 10. கூட்டம் கைதட்டியது.

மாப்பிள்ளையும் தட்டினார். ஆனால் அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் எழுத்தாகப் பார்த்ததும் அவருக்குள்ளேயே ஏதோ இடித்திருக்க வேண்டும். ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று. ஒன்று போட்டு எட்டு மிச்சம். ஒன்பது ஐந்து நாற்பத்தைந்து. எட்டும் சேர்ந்தால் ஐம்பத்து மூன்று.

ஐநூற்று முப்பத்தொன்று.

அவர் கைதட்டல் பாதியில் நின்றது. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எந்த உபசாரத்துக்கும் இடமில்லாத ஒரு பார்வை. எங்கள் இருவருக்கும் இடையில் அதுவரை அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

நடுவர் ஆசிரியை எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை துடைப்பானை எடுத்தார். "பலக சின்னது, அழிச்சாதான் அடுத்தவங்க எழுத முடியும்" என்று சொல்லி, ஒரு மனையின் எல்லைக்கல்லையே பிடுங்குகிற வேகத்தில் துடைத்தார். வெள்ளைச் சட்டை முழுக்க சாக்பீஸ் தூள்.

செலினுக்கு முதல் பரிசு கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டில்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளை நிழலில் நிறுத்திவிட்டு மாப்பிள்ளை டீ சொன்னார். அவர் காசில். அதுவே புதிது.

"தங்கச்சி, அந்த அம்பத்தொம்போது."

"ஆமாண்ணே."

"உனுக்கு எப்போ தெரியும்?"

உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். வியர்வையில் பாதி அழிந்திருந்தது. படித்துவிட்டு டீயைப் பார்த்தார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது?"

டம்ளரைக் கீழே வைத்தார். "நான் அவ்ளோ மோசமான ஆளாம்மா?" என்றார். பஸ் ஹாரன் அடித்தது நல்லதாகப் போயிற்று. எனக்குப் பதில் சொல்லும் தேவை வரவில்லை. ஏறும்போது திரும்பி, "பாப்பாவுக்கு மனசு ஒடிஞ்சிரும். இப்போதைக்கு இருக்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் வந்தார்கள். மாமியார் வழக்கம் போல "பங்கு போட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை தன் மூன்று பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தார். "அவ சாமான யாரும் தொடக்கூடாது. ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கியாந்திருக்கேன்." மாமியார் இது என்ன வீம்போ, எந்தப் பந்தியில் என்ன குறையோ என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ஒன்றுமில்லை அத்தை என்றேன்.

அன்றிலிருந்து செலினுடைய பென்சில் செலினுடையதாகவே இருக்கிறது. பிறகு வாங்கிய சைக்கிளும்தான். தன் எண் செய்த வேலை என்று அவள் நம்புகிறாள். ஒருவிதத்தில் உண்மையும் அதுதானே.

ஞாயிறுக்கு ஒன்று

இப்போது ஏழாம் வகுப்பு. அந்த சார்ட் அவள் மேசைக்கு மேலே இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

"இத்தன பேரு பங்கு போட்டு வேல பாத்தா, அது எப்படிம்மா என் நம்பர் ஆவும்? நாப்பதயும் நானே போடணும்."

முதல் ஆறும் உடனே முடிந்தது. பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒன்று என்று முறை வைத்துக்கொண்டாள். நிதானமாக, மூன்று முறை சரிபார்த்து. அது என்னிடமிருந்து போன குணம், அதை நினைத்தாலும் எனக்குக் கவலைதான். போன ஞாயிறு 37 முடிந்தது, மீதி 24. இனி 41, 43, 47, 53.

அதற்கு அடுத்த ஞாயிறு 59.

மாப்பிள்ளை ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய்கிறார். "எந்த நம்பர்ல கீது பாப்பா?" நேற்று, "அந்த ஞாயித்துக்கெழம எல்லாரையும் பாண்டி பீச்சுக்கு இட்டுக்கினு போய்டட்டா?" என்று கேட்டார்.

"அடுத்த ஞாயிறு போடுவாளேண்ணே."

"ஆமா, போடுவா." பிறகு சொன்னார். "நானே சொல்லிடறேம்மா. மாமாதான் தப்பா போட்டேன்னு. ஆனா அத்த முன்னால எப்படி சொல்றது, அதான் தெரியல."

நான்தான் 59-ஐப் போட்டேன் என்று பழியை ஏற்கலாம் என்றால் நீல மைக் கையெழுத்து இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால், அவள் தானே கண்டுபிடிக்க இருந்ததை நான் பிடுங்கிக்கொள்கிறேன். சொல்லாமல் விட்டால், மீதி பூஜ்யம் வருகிற நேரத்தில் அவள் தனியாக இருப்பாள். அம்மாவுக்கு இரண்டு வருடமாகத் தெரியும் என்பதும் ஒருநாள் தெரிந்துபோகும்.

ஆறுதலாக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். 59-ம் 509-ம் பகா எண்கள். ஆகவே 30031-ஐப் பங்கு போட வேண்டுமென்றால் சரியாக ஐம்பத்தொன்பது பேரோ ஐநூற்றொன்பது பேரோ வர வேண்டும். ஓர் ஆள் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அவ்வளவு சரியாக ஆள் சேர்ந்து யாரும் இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை. இது பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் போதுமா? எனக்குப் போதவில்லை.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் இந்தப் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரம் நேராகச் சமையல் பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தக் கவலை எனக்கு இருக்கட்டும்.

பிள்ளை வளர்த்தவர்கள், கணக்கு வாத்தியார்கள், வீட்டு மாப்பிள்ளைகள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். முன்பே சொல்லிவிடுவதா, அந்தக் கணக்கை அவள் போடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வதா? உட்கார்ந்தால், மாப்பிள்ளையையும் கூட உட்கார வைப்பதா? தபாலுக்கு நாளாகும் என்று தெரியும். உங்கள் கடிதம் அவள் 53-ஐ முடிப்பதற்குள் எனக்குக் கிடைத்தால் போதும்.